மாமனாரோடு ஒரு ஜப்பான் எண்ணெய்க் குளியல்

சனிக்கிழமை காலையில எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாமனார் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கப் போறாரு, சுடுதண்ணி ரெடி பண்ணிக் குடுக்கணும்.

இதுல என்ன தப்பு நடந்துரும்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

இடம் மட்டும் கொஞ்சம் இடிச்சுது. செந்துறை இல்ல, பெரம்பலூர் இல்ல. டோக்கியோ!

என் பொண்டாட்டி கவிதாவோட தம்பி பிரபு அங்க ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குறான். அவனுக்குக் குழந்தை பொறந்திருந்துச்சு. பேரனைப் பாக்கணும்னு மாமனார் கெளம்ப, துணைக்கு நானும் கவிதாவும் கெளம்பினோம். பெரம்பலூர்ல நான் மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். 'வெளிநாட்டுப் பயணம் காரணமாக விடுமுறை'ன்னு கடை ஷட்டர்ல எழுதி ஒட்டினப்ப எனக்கு இருந்த கெத்து இருக்கே... சரி விடுங்க. அந்தக் கெத்துக்கு என்ன ஆச்சுங்கறதுதான் இந்தப் பதிவு.

மொதல்ல மாமனாரைப் பத்திச் சொல்லிடுறேன். செந்துறைப் பக்கம் முந்திரிக்காடு, கம்பு, சோளம்னு வெவசாயம். ஊருக்கே கறாரான ஆளு. ஆனா என்கிட்ட மட்டும் தனி மரியாதை. "வாங்க மாப்பிள்ளை", "சாப்டீங்களா மாப்பிள்ளை", "கெளம்பிட்டீங்களா மாப்பிள்ளை". கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மூணு வாக்கியத்துக்கு மேல நாங்க பேசிக்கிட்டது கெடையாது. நான் வந்தா அவரு சட்டையப் போட்டுக்குவாரு. அவரு முன்னாடி நான் கைலி கட்டுனதில்ல, கால் மேல கால் போட்டதில்ல, சத்தமா தும்முனதுகூட இல்ல.

இந்த மரியாதை சும்மா இல்லைங்க. மாமியார் வூட்டுல நாட்டுக்கோழி அடிச்சா ஈரல் எனக்குத் தனிக் கிண்ணத்துல வருது. மரியாதை போச்சுன்னா கிண்ணமும் போயிரும். அதனால அந்த மரியாதைய நான் கண்ணுல எண்ணெய் விட்டுக் காப்பாத்திக்கிட்டு வந்தேன்.

அன்னைக்குக் காலையில மாமனார், ஊர்லேர்ந்து கொண்டு வந்த செக்கு நல்லெண்ணெயை உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் தேய்ச்சுட்டு, கைலியோட பாத்ரூம் ஸ்டூல்ல உக்காந்து ஊறிக்கிட்டு இருந்தாரு.

நான் சுடுதண்ணி போடப் போனேன். அங்க ஹீட்டருக்கு சமையக்கட்டு செவத்துல ஒரு பட்டன் பலகை இருக்கும். எல்லாமே ஜப்பான் எழுத்து. மோட்டார் கடை வச்சிருக்கிறவன் ஒரு பட்டனுக்குப் பயப்படலாமா? ஒண்ணை அமுக்கினேன். பலகைக்குள்ளேர்ந்து ஒரு பொம்பளைக் குரல் என்னமோ சொல்லுச்சு. அதை நிறுத்த இன்னொண்ணை அமுக்கினேன். அந்தம்மா இன்னும் வேகமா பேசுனாங்க. எல்லாத்தையும் சேத்து அமுக்கினேன். அந்தம்மாவும் நின்னுட்டாங்க, சுடுதண்ணியும் நின்னுருச்சு.

கவிதாவும் பிரபு பொண்டாட்டியும் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தாங்க, அதனால ஆபீஸ்ல இருந்த பிரபுவுக்கு போன் போட்டேன்.

"எந்த பட்டனை அமுக்குனீங்க மாமா?"

"எல்லாத்தையும்."

என்னை லைன்லயே நிக்க வச்சுட்டு ஹீட்டர் கம்பெனிக்காரங்ககிட்ட பேசினான். அப்புறம் சொன்னான்: "ரிப்பேர் ஆளு வர சாயங்காலம் ஆயிரும் மாமா. அப்பாவ பச்சத்தண்ணில குளிக்கச் சொல்லுங்க."

மார்ச் மாசக் குளிரு. எண்ணெய் தேய்ச்சுட்டுப் பச்சத்தண்ணில குளிக்கிறது நம்ம பக்கத்துல தற்கொலை முயற்சி. அது அவனுக்கும் தெரியும். அடுப்புல காய வைக்கலாம்னா அவன் வூட்டுல இருக்கிற பெரிய பாத்திரமே பால் காய்ச்சுற அளவுதான்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க மாமா. நம்ம தெருக்கோடியில பொதுக் குளியல் கடை ஒண்ணு இருக்கு. சென்டோன்னு பேரு. உயரமா புகைபோக்கி தெரியும். டிக்கெட் வாங்கிட்டு உள்ள போங்க, சுடுதண்ணி வேணுங்கிற அளவு வரும். மொதல்ல குழாய்கிட்ட உக்காந்து சுத்தமா தேய்ச்சுக் குளிச்சிரணும். அதுக்கப்புறந்தான் தொட்டியில எறங்கணும். எல்லாரும் எறங்குற தொட்டி. ஒரு சொட்டு எண்ணெய் அதுல பட்டாலும் அசிங்கமாயிரும். அப்புறம்... மாமா..."

"சொல்லு மச்சான்."

"உள்ள துணி கூடாது."

"ஜட்டி?"

"கூடாது."

"அப்பாவோட கோவணம்?"

"ஒண்ணுமே கூடாது மாமா. ஆம்பளைங்க தனி, பொம்பளைங்க தனி. ஆனா எல்லாரும் அப்படியேதான் குளிப்பாங்க."

மாமனாரும் மாப்பிள்ளையும் போறோம்னு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஒறைச்சிருக்கு. "நீங்களே அப்பாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிருங்க"ன்னு போனை வச்சுட்டான். பயந்தாங்கொள்ளி!

நான் ஒரு பிளான் போட்டேன். அவரை உள்ள அனுப்பிட்டு நான் வெளியவே உக்காந்துக்குறது. அவரு மானமும் தப்பிக்கும், என் கிண்ணமும் தப்பிக்கும்.

கெளம்பினோம். மாமனார் கைலி கட்டி, மேல பிரபுவோட குளிர் ஜாக்கெட்டு, தலையில எண்ணெய் வழிய, கையில சீயக்காய்ப் பொட்டலத்தோட நடந்தாரு. எதுக்க வந்த ஒரு நாய் மட்டும் நல்லெண்ணெய் வாசத்துக்கு நின்னு யோசிச்சுது. வழி கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமே இல்ல. ரெட்டிபாளையத்து சிமெண்ட் ஃபேக்டரிப் புகைபோக்கியப் பாத்தே வழி சொல்ற ஊர்க்காரங்க நாங்க.

"இங்கயும் சிமெண்ட் போடுறாங்களா மாப்பிள்ளை?" மேல பாத்துக்கிட்டே மாமனார் கேட்டாரு.

கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்களுக்குள்ள நாலாவது வாக்கியம் அதுதான்.

வாசல்ல செருப்ப விட்டுட்டு உள்ள போனோம். உயரமான மேடையில வயசான அம்மா ஒருத்தங்க பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மேடைக்கு இந்தப் பக்கம் ஆம்பளைங்க துணி மாத்துற எடம், அந்தப் பக்கம் பொம்பளைங்க எடம். மேல உக்காந்தா ரெண்டு பக்கமும் தெரியும்.

அந்தம்மா குனிஞ்சு வணக்கம் சொன்னாங்க. மாமனார் கையெடுத்துக் கும்பிட்டுக் குனிஞ்சாரு. அவரு தலையிலேர்ந்து ரெண்டு சொட்டு எண்ணெய் மேடையில விழுந்துச்சு. அந்தம்மா அதைத் துணியால தொடச்சுட்டு மறுபடி குனிஞ்சாங்க. மாமனார் மரியாதைக்கு மறுபடி குனிஞ்சாரு. மறுபடி ரெண்டு சொட்டு. நான் நடுவுல பூந்து நிறுத்தலைன்னா பாட்டில் எண்ணெயும் மேடைக்கு வந்திருக்கும்.

ஒரே ஒரு டிக்கெட் வாங்கிட்டு நான் பெஞ்சுல உக்காந்தேன்.

"நீங்க வரலையா மாப்பிள்ளை?"

"நீங்க போயிட்டு வாங்க மாமா. நான் இங்கயே இருக்கேன்."

"எனக்குப் பாஷை தெரியாதுங்களே. உள்ள யாராச்சும் ஏதாச்சும் கேட்டா? நீங்கதான் ஏர்போர்ட்டுல ஜப்பான் பாஷையில வெளுத்து வாங்குனீங்க. வாங்க."

நான் ஏர்போர்ட்டுல பேசுனது ரெண்டே வார்த்தை. ஒண்ணு வணக்கம், இன்னொண்ணு நன்றி. ஆனா பந்தா பண்ணது பண்ணதுதானே. இன்னொரு டிக்கெட் வாங்கினேன்.

துணி மாத்துற எடத்துக்குப் போனதும், குளியல் அறைக் கதவு தொறந்து ஒரு பெரியவர் வெளிய வந்தாரு. பொறந்த மேனிக்கு. எங்களைப் பாத்துத் தலையாட்டிட்டு, நிதானமா ஃபேன் முன்னாடி போயி நின்னாரு.

மாமனார் என் காதுகிட்ட வந்தாரு. "மாப்பிள்ளை, பாவம் அந்தாளு துணிய யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க போல."

"இல்ல மாமா. இங்க... அதான் மொறை."

"எது?"

"அதான்."

அவரு அந்தப் பெரியவரைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. மேடையைப் பாத்தாரு.

"கோவணம் கட்டிக்கலாம்ல?"

"கூடாதாம் மாமா."

"அந்தம்மா?"

"அவங்க பேப்பர் படிக்கிறாங்க மாமா."

"பேப்பரை எம்புட்டு நேரம் படிப்பாங்க?"

இப்படியே திரும்பிப் போயிரலாம்னு சொல்லுவாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். எண்ணெய் ரொம்ப நேரம் ஊறிப் போச்சு, சளி புடிச்சிரும்னு அவருக்கு ஒரு பக்கம் பயம். மானமா சளியான்னு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. சளி ஜெயிச்சிருச்சு.

"சரி. ஒண்ணு பண்ணுவோம். நீங்க அந்தச் செவத்தப் பாத்துத் திரும்பிக்குங்க, நான் இந்தச் செவத்தப் பாத்துத் திரும்பிக்கிறேன். உள்ள நீங்க வடக்கால உக்காருங்க, நான் தெக்கால உக்காந்துக்கிறேன். குளிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் யாரையும் பாக்க வேணாம்."

வரப்புத் தகராறைத் தீத்து வைக்கிற மாதிரி அளந்து பிரிச்சுக் குடுத்துட்டாரு. எனக்கு உசுரே வந்துச்சு.

அந்தம்மா ஆளுக்கு ஒரு துண்டு குடுத்திருந்தாங்க. கர்ச்சீப்பை விடக் கொஞ்சம் பெருசு. முன்னாடி மறைச்சா பின்னாடி இல்ல, பின்னாடி மறைச்சா முன்னாடி இல்ல. நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்து உள்ள போனோம்.

உள்ள ஒரே ஆவி. செவத்துல பெருசா ஒரு மலைப் படம். கீழ சின்னச் சின்ன ஸ்டூல். நான் வடக்கால போயி செவத்தப் பாத்து உக்காந்து நிமிந்தேன்.

எதுக்க மாமனார்!

முகம் பாக்குற கண்ணாடிங்க! ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கண்ணாடி. வடக்கால வரிசையா கண்ணாடி, தெக்கால வரிசையா கண்ணாடி. நான் எந்தப் பக்கம் திரும்புனாலும் மாமனார் தெரியிறாரு, ஒருத்தர் இல்ல, நாலஞ்சு மாமனார்! அவரும் அதே நேரத்துல நிமிந்தாரு. ரெண்டு பேரும் கண்ணாடி வழியா கண்ணுக்குக் கண்ணு பாத்துக்கிட்டோம்.

அவருக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பழக்கதோஷத்துல கேட்டுட்டாரு: "சாப்டீங்களா மாப்பிள்ளை?"

"சாப்டேன் மாமா."

இது சரிப்படாதுன்னு என் மூக்குக்கண்ணாடியக் கழட்டி வச்சுட்டேன். அது இல்லைன்னா எனக்கு நாலடி தள்ளி நிக்கிறது ஆளா தூணான்னு தெரியாது. இனி நான் பாத்தாலும் பாக்காத மாதிரிதான். என் மூளைய நானே மெச்சிக்கிட்டு நிம்மதியா குளிச்சேன்.

கொஞ்ச நேரங்கழிச்சு ஆவிக்குள்ளேர்ந்து குரல் வந்துச்சு. "மாப்பிள்ளை..."

"சொல்லுங்க மாமா."

"முதுகு எட்டல. எண்ணெய் அப்படியே நிக்குது. தப்பா எடுத்துக்காதீங்க, கொஞ்சம் சீயக்காய் தேய்ச்சு விடுறீங்களா?"

எண்ணெய்க் குளியல்னா முதுகுக்கு இன்னொரு ஆளு வேணும்ல. ஊர்ல அது மாமியார் டிபார்ட்மெண்ட். இங்க நான் மாட்டேன்னா அந்த எண்ணெய் தொட்டிக்குப் போயிரும், நம்ம நாட்டு மானம் போயிரும். சீயக்காயைக் குழைச்சு எடுத்துக்கிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, தடவித் தடவித் தெக்கால போனேன்.

இதுக்கு நடுவுல நடந்த ஒண்ணு எனக்குத் தெரியாது. அங்க குழாய அமுக்குனா கொஞ்ச நேரம் வந்துட்டுத் தானா நின்னுரும். மாமனார் கரண்ட் போயிருச்சுன்னு நெனச்சு, ரெண்டு குழாய் தள்ளி மாறி உக்காந்துட்டாரு. பழைய எடத்துல வேற ஒருத்தர் வந்து உக்காந்திருக்காரு.

எனக்குத் தெரிஞ்சது ஒரு முதுகும் ஒரு வழுக்கையும். மாமனாருக்கும் வழுக்கை. போதாதா? சீயக்காயை அப்பி நல்லா அழுத்தித் தேய்ச்சேன். எண்ணெய்ப் பிசுக்கே இல்ல. பரவால்லையே, ஊர்ச் சீயக்காய்னா சும்மாவான்னு நெனச்சுக்கிட்டேன். முதுகு சொகமா "ஆஆ..."ன்னு மொனகுச்சு. மாமனார்கிட்டேர்ந்து இப்படி ஒரு பாராட்டு எனக்குக் கெடைச்சதே இல்ல. மனசு குளுந்து போச்சு.

"தலைக்கும் வச்சு விடவா மாமா?"

"ஹை, ஹை."

பிரபு ஆபீஸ் போன்ல 'ஆமா'ங்கறதுக்கு இதைத்தான் சொல்லுவான். மாமனாரும் ஜப்பான் பாஷை கத்துக்கிட்டாரேன்னு சந்தோஷப்பட்டேன். மீதி சீயக்காயை வழுக்கையில வச்சு அரக்கித் தேய்ச்சேன்.

அப்பத்தான் எனக்கு வலது கைப் பக்கத்துலேர்ந்து அந்தக் குரல் வந்துச்சு.

"மாப்பிள்ளை, நான் இங்க இருக்கேன். அது யாரு?"

என் கை நின்னுருச்சு. சீயக்காய் நிக்கல. வழுக்கையிலேர்ந்து வழிஞ்சு அந்தப் பெரியவர் கண்ணுக்குள்ள போயிருச்சு. அவரு போட்ட சத்தத்துக்கு மொழிபெயர்ப்பே தேவையில்ல. கண்ணுல சீயக்காய் பட்டா செந்துறையில எப்படிக் கத்துவாங்களோ அதேதான்.

"ஐயய்யோ!"ன்னு மாமனார் எந்திரிச்சு ஓடி வந்தாரு. ஒப்பந்தம் எல்லாம் காத்துல போச்சு. அவரு உக்காந்திருந்த எடத்துலேர்ந்து வழி நெடுக அவரு மேலேர்ந்து வடிஞ்ச நல்லெண்ணெய். ஒரு காலு வழுக்குச்சு. மறு காலும் வழுக்குச்சு. பழுப்பா ஒரு உருவம் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு என் மேல வர்றது மட்டும் எனக்குத் தெரிஞ்சுது.

கட்டிப் புடிச்சுட்டேன். அவரும் கட்டிப் புடிச்சுட்டாரு.

மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. எங்களுக்கு நடுவுல இருந்தது நல்லெண்ணெய் மட்டும்தான்.

"விட்றாதீங்க மாப்பிள்ளை!"

"விடல மாமா!"

விட்டா ரெண்டு பேருக்கும் இடுப்பு போயிரும். அசையவும் முடியல. சத்தம் கேட்டு அந்த மேடை அம்மா மாப்போட உள்ள வந்தாங்க. பேப்பரை வெளிய வச்சுட்டு வந்துட்டாங்க! எங்க காலைச் சுத்தி நிதானமா தொடச்சாங்க. பின்னாடி பக்கம் வந்து தொடச்சாங்க. முன்னாடி பக்கம் வந்து தொடச்சாங்க. அப்புறம் குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டுப் போனாங்க. மாமனாரால இந்தத் தடவ பதில் வணக்கம் சொல்ல முடியல.

கண்ணைக் கழுவிட்டு அந்தப் பெரியவர் எங்ககிட்ட வந்தாரு. அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். அவரு சிரிச்சுக்கிட்டே என்னை ஸ்டூல்ல உக்கார வச்சு, என் முதுகைத் தேய்ச்சு விட ஆரம்பிச்சுட்டாரு! பிரபு அப்புறம் சொன்னான், அங்கயும் வேண்டப்பட்டவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் முதுகு தேய்ச்சு விடுற பழக்கம் உண்டாம். அவரு எனக்குத் தேய்க்க, மாமனார் என்னா நெனச்சாரோ, எனக்கு முன்னாடி வந்து முதுகைக் காட்டி உக்காந்தாரு. மூணு பேரும் வரிசையா உக்காந்து தேய்ச்சுக்கிட்டு இருந்தோம். செவத்துல அந்த மலை பாத்துக்கிட்டே இருந்துச்சு.

ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம சுத்தமானதும் தொட்டியில எறங்கினோம்.

"நெல்லு அவிக்கிற சூடு மாப்பிள்ளை இது!"

அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் கழுத்து வரைக்கும் முங்கிக் கெடந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. தொட்டியில நாங்க ரெண்டு பேரு மட்டும். தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் மானம் பத்திரம். எந்திரிச்சாத்தான் சிக்கல்.

"நீங்க மொதல்ல எந்திரிங்க மாமா."

"ச்சே ச்சே, நீங்க எந்திரிங்க மாப்பிள்ளை."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் எப்படி..."

"மாப்பிள்ளைய உக்கார வச்சுட்டு நான் எப்படி..."

இப்படியே மரியாதை நடந்துச்சு. அவரு மூஞ்சி செவந்துச்சு. என் மூஞ்சி அதுக்கும் மேல செவந்துச்சு. வெயில்ல முந்திரிக்காட்டுல நின்ன ஒடம்பு அவருக்கு. ஃபேனுக்குக் கீழ உக்காந்து காயில் கட்டுன ஒடம்பு எனக்கு. கொஞ்ச நேரத்துல மேல இருந்த விளக்கெல்லாம் சுத்த ஆரம்பிச்சுது. "மாமா, நீங்க..."ன்னு ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கு. முடிச்சது ஞாபகம் இல்ல.

கண்ணைத் தொறந்தப்ப துணி மாத்துற எடத்துல பாயில கெடக்குறேன். மாமனார் என்னை அலேக்காத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வந்திருக்காரு. மேடைக்கு நேர் எதுக்கத்தான் வந்திருக்கணும், வேற வழி கெடையாது. அந்தம்மா பேப்பரை மடிச்சு எனக்கு விசிறிக்கிட்டு இருந்தாங்க. அந்த பேப்பருக்கு அன்னைக்குத்தான் ஒரு உபயோகம். சீயக்காய்ப் பெரியவர் கண்ணு செவக்கச் செவக்க, எங்க ரெண்டு பேருக்கும் குளிர்ந்த பால் பாட்டில் வாங்கி நீட்டுனாரு. மாமனார் கைலி கட்டிக்கிட்டு, ஒரே மூச்சுல குடிச்சுட்டு, "கறந்த பாலு மாதிரி இருக்கு"ன்னு சர்டிபிகேட் குடுத்தாரு.

வர்ற வழியில நான்தான் ஆரம்பிச்சேன். "மாமா, இதெல்லாம் வூட்டுல..."

"எம் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது மாப்பிள்ளை."

வூட்டுல கவிதா கேட்டா: "அப்பா நல்லா குளிச்சாராங்க?"

"குளிச்சாரு."

"நீங்க ஏன் இப்படிச் செவந்து கெடக்குறீங்க?"

"வெயிலு."

"வெளிய ஆறு டிகிரிங்க!"

மாமனார் பேரனைத் தூக்கிக்கிட்டு பால்கனிக்குப் போயிட்டாரு. சொன்ன சொல் தவறல. ஊருக்கு வந்த பொறவும் மூச்சு விடல. மாமியார் வூட்டுல என் கிண்ணம் பழைய எடத்துலேயே வந்துச்சு. நல்ல மனுசன்யா, கடைசி வரைக்கும் காப்பாத்திட்டாருன்னு மனசார நெகிழ்ந்து போயிட்டேன்.

போன வாரம் அரியலூர்ல மாமனாரோட பங்காளி வூட்டுக்குப் போயிருந்தோம். அவங்க பொண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கு. கூடம் நெறைய சொந்தக்காரங்க. எனக்கு நடுவுல நாற்காலி போட்டு, கையில காபி குடுத்து, மாப்பிள்ளை மரியாதை ஓஹோன்னு நடந்துச்சு.

பங்காளிதான் பேச்சை ஆரம்பிச்சாரு. "பையன் ரெட்டிபாளையத்துல ஃபேக்டரி வேலைண்ணே. எங்க விசாரிச்சாலும் தங்கமான பையன்னுதான் சொல்றாங்க. இருந்தாலும் மனசு ஒரு நெலைக்கு வரல. நீங்க உங்க மாப்பிள்ளைய எப்படிண்ணே விசாரிச்சீங்க?"

மாமனார் காபியை ஒரு வாய் உறிஞ்சுனாரு. என்னை ஒரு தடவ மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாரு.

"நானும் பெரம்பலூர் பூரா விசாரிச்சுட்டுத்தான் குடுத்தேன். ஆனா முழுசாத் தெரிஞ்சது ஜப்பான்லதாம்ப்பா."